ஒரே சொல், பல வேலை: ஆங்கிலச் சொல்லின் வகையை அது நிற்கும் இடத்தை வைத்துக் கண்டுபிடிக்கும் வழி

என் மாலை வகுப்புக்கு வந்துகொண்டிருந்த தம்பி ஒருவர் ஒரு நிறுவனத்தின் பார்சல் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருந்தார். சேர்ந்த வாரமே மேலாளரிடமிருந்து ஒரு மின்னஞ்சல்: 'ப்ளீஸ் அட்ரஸ் திஸ் டுடே'. கூடவே ஒரு வாடிக்கையாளரின் புகார். தம்பி அரை நாள் செலவழித்து அந்த வாடிக்கையாளரின் விலாசத்தைத் தேடியெடுத்து, பிழையில்லாமல் தட்டச்சு செய்து அனுப்பி வைத்தார். மேலாளர் கேட்டதோ, 'இந்தப் புகாரை இன்றைக்கே கவனித்து முடித்துவிடுங்கள்' என்று. அட்ரஸ் என்றால் விலாசம் என்பது தம்பிக்கு நன்றாகத் தெரியும். அதே சொல் வினையாகவும் வந்து நிற்கும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

ஆங்கிலம் கற்கத் தொடங்குகிறவர்களிடம் நான் அதிகம் பார்க்கும் தடுமாற்றம் இதுதான். சொல் தெரிந்திருக்கும், பொருளும் தெரிந்திருக்கும். ஆனால் 'புக் என்றால் பெயர்ச்சொல், ரன் என்றால் வினைச்சொல்' என்று சொல்லுக்கும் வகைக்கும் ஒரு முடிச்சுப் போட்டு மனப்பாடம் செய்திருப்பார்கள். முதலில் அந்த முடிச்சை அவிழ்க்க வேண்டும். 'இந்தச் சொல் என்ன வகை?' என்று தனியாகக் கேட்டால் ஆங்கிலத்தில் பல சமயம் விடை கிடையாது. 'இந்த வாக்கியத்தில் இது என்ன வேலை செய்கிறது?' என்று கேட்டால்தான் விடை உண்டு.

நமக்கு இது ஏன் கடினமாக இருக்கிறது என்று ஒரு நிமிடம் பார்த்துவிடுவோம். தமிழில் சொல்லின் வேலையை அதன் வால் சொல்லிவிடும். ஓட்டம், ஓடினான், ஓடிய, ஓடி என்று விகுதியைப் பார்த்ததுமே பெயரா வினையா எச்சமா என்று தெரிந்துவிடுகிறது. அதனால் சொல்லை வாக்கியத்தில் எங்கே வைத்தாலும் பெரிதாகக் குழப்பம் வராது. ஆங்கிலத்தில் அந்த வால் பெரும்பாலும் இல்லை. வாலின் வேலையை இடம் செய்கிறது.

நம் பேச்சிலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. போன் பண்ணு, புக் பண்ணு, வெயிட் பண்ணு, பார்க் பண்ணு என்கிறோம். ஆங்கிலச் சொல்லை எடுத்துக்கொண்டாலும் அதை அப்படியே வினையாக ஏற்க நம் காது சம்மதிப்பதில்லை. கூட ஒரு 'பண்ணு' வைத்தால்தான் வாக்கியம் நிற்கிறது. ஆங்கிலத்தில் அந்தப் பண்ணு கிடையாது. 'போன் மீ' என்றால் போதும். எங்கெல்லாம் தமிழில் பண்ணு சேர்க்கிறீர்களோ, அங்கெல்லாம் ஆங்கிலத்தில் சொல்லின் இடமே பண்ணுவாக நிற்கிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

தமிழில் இது அறவே இல்லாத ஒன்றும் அல்ல. 'பந்தை அடி' என்றால் வினை, 'அடி பலமா?' என்றால் பெயர். உதை, வெட்டு, குத்து எல்லாம் அப்படியே. நம் இலக்கணம் இவற்றை முதனிலைத் தொழிற்பெயர் என்று பெயரிட்டே வைத்திருக்கிறது. நம்மிடம் ஒரு சிறு கூட்டமாக இருப்பது ஆங்கிலத்தில் பெரும் கூட்டமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

ஆங்கிலமும் எப்போதும் இப்படி இருக்கவில்லை. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய பழைய ஆங்கிலத்தில் அன்பு என்ற பெயர் 'லுஃபு', அன்பு செய்தல் என்ற வினை 'லுஃபியன்'. அதற்குப் பின் வந்த சில நூற்றாண்டுகளில் சொல்லின் கடைசி அசைகள் தேய்ந்து உதிர்ந்தன. லுஃபு, லுஃபியன் இரண்டும் 'லவ்' என்ற ஒரே உருவத்தில் வந்து நின்றன. வால் போனபிறகு எந்தப் பெயரையும் வினையாக்குவது எளிதாகிவிட்டது. இன்றும் அது நடக்கிறது. கூகுள் என்ற நிறுவனத்தின் பெயரை ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி 2006இல் வினைச்சொல்லாகவும் சேர்த்துக்கொண்டது.

இனி வழிமுறைக்கு வருவோம்.

முதல் வேலை: வினையைப் பிடியுங்கள்

ஒரு வாக்கியத்தைப் பார்த்ததும் எல்லாச் சொல்லையும் வகைப்படுத்த முயல வேண்டாம். வினை எது என்று மட்டும் தேடுங்கள். அது கிடைத்துவிட்டால் மற்றவை தாமாகவே தம் இடத்தில் அமரும். தேடுவதற்கு எளிய வழி, வாக்கியத்தை நேற்றைக்குத் தள்ளுவது. எந்தச் சொல் உருமாறுகிறதோ அதுதான் வினை.

'தே ட்ரிங்க் வாட்டர்' என்பதை நேற்று நடந்ததாகச் சொல்லுங்கள்: 'தே ட்ரேங்க் வாட்டர்'. மாறியது ட்ரிங்க். வாட்டர் அசையவில்லை, எனவே இங்கே அது பெயர். அடுத்து, 'தே வாட்டர் த ப்ளான்ட்ஸ்', அவர்கள் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிறார்கள். நேற்றைக்குத் தள்ளினால் 'தே வாட்டர்ட் த ப்ளான்ட்ஸ்'. இம்முறை வாட்டரே மாறிவிட்டது, ஆகவே இங்கே அது வினை.

கட், புட், ஹிட் போன்ற சில சொற்கள் நேற்றைக்கும் உருமாறாது. அவற்றுக்கு எதிர்மறை வாக்கியம் அமைத்துப் பாருங்கள். 'டிட் நாட்' என்பதற்குப் பின்னால் எது போய் நிற்கிறதோ அது வினை.

இரண்டாவது: இடது பக்கத்தில் யார் நிற்கிறார்கள்?

எ, அன், த, மை, யுவர், திஸ், டூ (இரண்டு), மெனி போன்ற சொற்கள் வந்தால், பின்னால் ஒரு பெயர்ச்சொல் வந்துகொண்டிருக்கிறது என்று பொருள். நடுவில் ஓரிரு அடைகள் இருக்கலாம், ஆனால் பெயர் வரும். திஸ், டூ, மெனி மட்டும் சில சமயம் பெயர் இல்லாமல் தனியாகவும் நிற்கும், தம்பிக்கு வந்த 'அட்ரஸ் திஸ்' போல. வில், கேன், மஸ்ட், டோன்ட், லெட்ஸ் வந்தால் அடுத்து வருவது வினை. 'மை ஆன்சர்' என்றால் பதில். 'ஐ வில் ஆன்சர்' என்றால் பதில் சொல்வேன்.

'டு' மட்டும் இரண்டு பக்கமும் ஆடும். 'ஐ வான்ட் டு ஒர்க்' என்பதில் ஒர்க் வினை: வேலை செய்ய விரும்புகிறேன். 'ஐ கோ டு ஒர்க்' என்பதில் அது பெயர்: வேலைக்குப் போகிறேன். தமிழாக்கும்போது 'செய்ய' என்று வருகிறதா, 'க்கு' என்று வருகிறதா என்று பாருங்கள், தெளிந்துவிடும்.

ஒர்க் பற்றிப் பேசும்போதே ஒரு திருத்தம். வேலை என்ற பொருளில் பெயராக வரும்போது அதற்கு முன்னால் 'எ' போடக்கூடாது. 'ஐ ஹேவ் எ ஒர்க்' என்று நம்மில் பலர் சொல்கிறோம். 'ஐ ஹேவ் சம் ஒர்க்' என்பதே சரி.

மூன்றாவது: தமிழ் வாலை ஒட்டிப் பாருங்கள்

இது நம்மிடம் மட்டுமே இருக்கும் கருவி. தமிழில் மனத்துக்குள் பெயர்த்துப் பாருங்கள். 'ஆன' என்று முடிந்தால் பெயரடை, 'ஆக' என்று முடிந்தால் வினையடை, 'கிறான், கிறார்' என்று முடிந்தால் வினை, 'ஐ, கள்' ஒட்டினால் பெயர்.

ஃபாஸ்ட் என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். 'எ ஃபாஸ்ட் ட்ரெயின்' என்றால் வேகமான ரயில், பெயரடை. 'ஹி ரன்ஸ் ஃபாஸ்ட்' என்றால் வேகமாக ஓடுகிறான், வினையடை. 'மை மதர் ஃபாஸ்ட்ஸ் ஆன் ஃப்ரைடேஸ்' என்றால் அம்மா வெள்ளிக்கிழமைகளில் விரதம் இருக்கிறார், வினை. 'எ லாங் ஃபாஸ்ட்' என்றால் நீண்ட விரதம், பெயர். காலை உணவைச் சொல்லும் பிரேக்ஃபாஸ்ட் என்ற சொல்லுக்குள் இருப்பதும் இந்த விரதம்தான். இரவெல்லாம் வயிற்றைக் காயப்போட்டதைக் காலையில் முறிப்பது.

ஆனால் இந்தக் கருவி ஓர் இடத்தில் நம்மைத் தவறாக வழிநடத்தும். இதைக் கவனமாகப் படியுங்கள். 'அவள் அழகாக இருக்கிறாள்' என்கிறோம். ஆக என்று முடிகிறதே, வினையடைதானே என்று 'ஷி இஸ் ப்யூட்டிஃபுல்லி' என்று எழுதிவிடக்கூடாது. இஸ், ஆர், வாஸ், லுக்ஸ், ஃபீல்ஸ், டேஸ்ட்ஸ் போன்றவற்றுக்குப் பின்னால் எழுவாயின் தன்மையைச் சொல்ல வருவது பெயரடைதான்: 'ஷி இஸ் ப்யூட்டிஃபுல்'. தமிழ் 'இரு' என்ற வினைக்கு முன் ஆக போட்டுக்கொள்ளும், ஆங்கிலம் போட்டுக்கொள்ளாது. 'சாப்பாடு நன்றாக இருக்கிறது' என்பதும் 'த ஃபுட் டேஸ்ட்ஸ் குட்' தான்.

இன்னொன்று, 'லி' ஒட்டினால் எல்லாம் வினையடையாகிவிடும் என்ற நம்பிக்கை. ஹார்ட் என்ற சொல் ஒட்டு இல்லாமலே வினையடை: 'ஐ ஒர்க் ஹார்ட்', கடுமையாக உழைக்கிறேன். 'ஹார்ட்லி' என்பதற்கோ கிட்டத்தட்ட இல்லை என்று பொருள். 'ஐ ஹார்ட்லி ஒர்க்' என்றால் நான் வேலையே செய்வதில்லை என்றாகிவிடும். நேர்முகத் தேர்வுக்குப் போகிறவர்களிடம் இதை நான் மூன்று முறை சொல்லித்தான் அனுப்புவேன்.

நான்காவது: வலது பக்கம் மாறுகிறதா?

வகையைக் கண்டுபிடிப்பதால் என்ன பயன், தேர்வில் ஒரு மதிப்பெண்தானே என்று கேட்பவர்கள் இந்தப் பகுதியை விட்டுவிட வேண்டாம். நாம் அன்றாடம் எழுதும் ஆங்கிலத்தில் வரும் பிழைகளில் ஒரு பெரிய பங்கு இங்கேதான் பிறக்கிறது. ஒரே சொல் பெயராக நிற்கும்போது பின்னால் ஃபார், டு, ஆன் என்று ஒரு சிறு சொல்லைக் கேட்கும். வினையாக நிற்கும்போது கேட்காது. இரண்டையும் கலந்துவிடுகிறோம்.

விடுப்புக் கடிதத்தில் 'ஐ ரிக்வெஸ்ட் ஃபார் லீவ்' என்று எழுதுகிறோம். இங்கே ரிக்வெஸ்ட் வினை. வினைக்கு ஃபார் தேவையில்லை: 'ஐ ரிக்வெஸ்ட் லீவ்'. அதையே பெயராக்கினால் ஃபார் வரும்: 'திஸ் இஸ் மை ரிக்வெஸ்ட் ஃபார் லீவ்'. ஆர்டர் அப்படியே. 'வீ ஆர்டர்ட் டூ காஃபீஸ்' என்பதில் ஃபார் கிடையாது, 'அன் ஆர்டர் ஃபார் டூ காஃபீஸ்' என்பதில் உண்டு. டிமாண்ட், வினையானால் 'தே டிமாண்ட் ஹையர் வேஜஸ்', பெயரானால் 'த டிமாண்ட் ஃபார் ஹையர் வேஜஸ்'.

விசிட்: 'வீ விசிட்டட் த டெம்பிள்' என்றுதான் சொல்ல வேண்டும், நடுவில் டு கூடாது. 'மை விசிட் டு த டெம்பிள்' என்று பெயராக்கும்போது டு வரலாம். ஆன்சர்: 'ஆன்சர் த கொஸ்டின்', ஆனால் 'த ஆன்சர் டு த கொஸ்டின்'. ஸ்ட்ரெஸ்: 'ஹி ஸ்ட்ரெஸ்ட் திஸ் பாயின்ட்' என்பதே சரி. அலுவலகக் கூட்டங்களில் 'ஸ்ட்ரெஸ்ட் ஆன் திஸ் பாயின்ட்' என்று அடிக்கடி கேட்கிறோம்.

இந்தப் பிழை ஏன் வருகிறது என்றால், தமிழில் 'விடுப்புக்கு விண்ணப்பிக்கிறேன்', 'கேள்விக்குப் பதில் சொல்', 'கோயிலுக்குப் போனோம்' என்று எங்கும் 'க்கு' இருக்கிறது. அந்தக் 'க்கு'வை ஆங்கிலத்தில் எங்கேயாவது வைக்கத் தேடுகிறோம். வினையா பெயரா என்று முதலில் முடிவு செய்துவிட்டால், வைக்க வேண்டுமா வேண்டாமா என்பது தானே முடிவாகிவிடும்.

ஹோம் என்ற சொல் இன்னும் விசேஷமானது. 'ஐ வென்ட் டு ஹோம்' ஏன் தவறு என்று ஏறக்குறைய எல்லோரும் ஒரு நாள் கேட்கிறார்கள். அங்கே ஹோம் வீடு என்ற பெயராக நிற்கவில்லை, 'வீட்டுக்கு' என்ற வினையடையாக நிற்கிறது. 'க்கு' அதற்குள்ளேயே அடங்கியிருக்கிறது. அதனால் 'ஐ வென்ட் ஹோம்'. மை சேர்த்து 'மை ஹோம்' என்றதும் அது பெயராகிவிடும், அப்போது டு வேண்டும்: 'ஐ வென்ட் டு மை ஹோம்'. ஹியர், தேர், அப்ராட், அப்ஸ்டேர்ஸ் எல்லாம் இப்படி 'க்கு'வை உள்ளே வைத்திருப்பவை. 'கோ டு அப்ராட்' என்று எழுத வேண்டாம்.

ஒரு சொல்லை முழுதாகச் சுற்றிப் பார்ப்போம்

ரவுண்ட் என்ற சொல் ஐந்து வேலை செய்யும். 'த ஃபர்ஸ்ட் ரவுண்ட்' என்றால் முதல் சுற்று, பெயர். 'எ ரவுண்ட் டேபிள்' என்றால் வட்டமான மேசை, பெயரடை. 'த பஸ் ரவுண்டட் த கார்னர்' என்றால் பேருந்து முனையைச் சுற்றித் திரும்பியது, வினை. 'ஷி டர்ன்ட் ரவுண்ட்' என்றால் அவள் திரும்பினாள், வினையடை. 'தே சாட் ரவுண்ட் த ஃபயர்' என்றால் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்தார்கள். இந்தக் கடைசி வகையைப் பள்ளியில் ப்ரெபொசிஷன் என்று படித்திருப்போம், தமிழில் முன்னிடைச்சொல். நம் 'சுற்று' என்ற சொல்லும் பெயராகவும் வினையாகவும் வருவதையும், 'சுற்றி' என்று மாறி இந்தக் கடைசி வேலையையும் செய்வதையும் பாருங்கள். எனக்கு மிகவும் பிடித்த ஒற்றுமை இது.

வினையடையையும் முன்னிடைச்சொல்லையும் பிரிப்பது பலருக்குச் சிக்கல். பின்னால் தனக்கென்று ஒரு பெயர் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். 'ரவுண்ட் த ஃபயர்' என்பதில் த ஃபயர் இருக்கிறது, ஆகவே முன்னிடைச்சொல். 'டர்ன்ட் ரவுண்ட்' என்று அங்கேயே நின்றுவிட்டால் வினையடை. 'கம் இன்', 'இன் த ரூம்' இரண்டையும் இதே வழியில் பிரித்துவிடலாம்.

பெயருக்கு முன் நிற்பதெல்லாம் பெயரடை என்றும் எண்ண வேண்டாம். 'ஸ்கூல் பஸ்' என்பதில் ஸ்கூல் பெயராகவே இருந்துகொண்டு பஸ்ஸுக்கு அடையாக நிற்கிறது, நம் கல்சுவர், மண்பானை போல. சந்தேகம் வந்தால் முன்னால் 'வெரி' போட்டுப் பாருங்கள். 'வெரி ஃபாஸ்ட் ட்ரெயின்' நிற்கும், 'வெரி ஸ்கூல் பஸ்' நிற்காது. சில பள்ளி இலக்கண நூல்கள் இதையும் பெயரடை என்றே எண்ணுகின்றன. தேர்வுக்குப் படிப்பவர்கள் தங்கள் பாடநூல் எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாவது: காது சொல்வதைக் கேளுங்கள்

எழுத்தில் ஒன்றாக இருந்தாலும் ஒலியில் பிரியும் சொற்கள் சில உண்டு. பெயராக வந்தால் முதல் அசை அழுத்தம், வினையாக வந்தால் இரண்டாம் அசை அழுத்தம். பதிவேடு 'ரெக்கர்ட்', பதிவு செய்வது 'ரிகார்ட்'. பரிசு 'ப்ரெஸன்ட்', வழங்குவது 'ப்ரிஸென்ட்'. பொருள் 'ஆப்ஜெக்ட்', ஆட்சேபிப்பது 'அப்ஜெக்ட்'. நடத்தை 'காண்டக்ட்', நடத்துவது 'கண்டக்ட்'. பர்மிட், இம்போர்ட், இன்க்ரீஸ் ஆகியவற்றிலும் அழுத்தம் இப்படி இடம் மாறும்.

வேறு சிலவற்றில் கடைசி மெய் மாறும். யூஸ் பெயரானால் பாம்பு சீறும் ஒலியில் முடியும், வினையானால் தேனீ ரீங்கரிக்கும் ஒலியில் முடியும். ஹவுஸ், எக்ஸ்க்யூஸ் அப்படியே. க்ளோஸ் என்பதில் 'நெருங்கிய' என்ற பெயரடைக்குச் சீறல், 'மூடு' என்ற வினைக்கு ரீங்காரம். தமிழ் எழுத்தில் இந்த வேறுபாட்டைக் காட்ட வழியில்லை, காதால்தான் பழக வேண்டும். எல்லாச் சொல்லுக்கும் இது பொருந்தாது. ஆன்சர், விசிட், ப்ராமிஸ் எந்த வேலை செய்தாலும் ஒரே ஒலிதான்.

அகராதியைப் பார்க்கும் முறை

அகராதியில் முதல் பொருளைப் பார்த்துவிட்டு மூடிவிடுவதால்தான் அட்ரஸ் விலாசமாகவே நின்றுவிடுகிறது. முதலில் மேலே சொன்ன வழிகளில் சொல்லின் வேலையைக் கண்டுபிடியுங்கள். பிறகு அகராதியைத் திறந்து, அந்த வகைக்கான பகுதிக்கு நேராகப் போங்கள். ஒவ்வொரு பகுதிக்கும் முன்னால் வகையின் பெயரோ சுருக்கமோ அச்சிட்டிருப்பார்கள்.

பல அகராதிகளில் ஒரே எழுத்துக்கூட்டலுக்கு 1, 2 என்று எண்ணிட்டுத் தனித்தனித் தலைப்புகள் இருக்கும். அவை பெரும்பாலும் ஒரு சொல்லின் பல வேலைகள் அல்ல, தற்செயலாக ஒரே உருவம் கொண்ட வெவ்வேறு சொற்கள். நமக்கு ஆறு என்பது நதியாகவும் எண்ணாகவும் இருப்பதைப் போல. வெளிச்சம் என்ற லைட் வேறு, எடை குறைந்த லைட் வேறு. வெளிச்சத்தையும் விளக்கேற்றுவதையும் ஒன்றோடொன்று சேர்த்து நினைவில் வையுங்கள், எடை குறைவைத் தனியாக வையுங்கள். இல்லாத உறவைக் கற்பனை செய்துகொண்டு மனப்பாடம் செய்தால் மறந்துபோகும்.

பழகுவதற்கு நாளிதழ் தலைப்பு

ஆங்கில நாளிதழின் தலைப்புகளைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரிந்து இல்லை. இடத்தை மிச்சப்படுத்த எ, த எல்லாவற்றையும் எடுத்துவிடுவார்கள். இடது பக்கத்து அடையாளம் போய்விடுவதால் நன்றாக யோசிக்க வேண்டியிருக்கும்.

'கோர்ட் ஆர்டர்ஸ் ரிலீஸ்' என்று ஒரு தலைப்பு. 'கோர்ட் ஆர்டர்ஸ் ரிலீஸ்ட்' என்று இன்னொன்று. ஒரே ஓர் ஒலிதான் கூடுதல். முதலாவது, விடுதலை செய்ய நீதிமன்றம் உத்தரவிட்டது: ஆர்டர்ஸ் வினை, ரிலீஸ் பெயர். இரண்டாவது, நீதிமன்ற உத்தரவுகள் வெளியிடப்பட்டன: ஆர்டர்ஸ் பன்மைப் பெயர், ரிலீஸ்ட் வினை. 'ஸ்' என்ற ஒட்டு பன்மைக்கும் வரும், ஒருமை எழுவாயின் நிகழ்கால வினைக்கும் வரும் என்பதால் அதை மட்டும் நம்ப முடியாது. எடுத்துவிட்ட சொற்களை மறுபடி நட்டுப் பாருங்கள். 'த கோர்ட் ஆர்டர்ஸ் எ ரிலீஸ்', 'த கோர்ட் ஆர்டர்ஸ் வேர் ரிலீஸ்ட்' என்று முழு வாக்கியமானதும் வேறுபாடு வெளியே வந்துவிடும். தினம் ஐந்து தலைப்புகளை இப்படி முழு வாக்கியமாக்கி ஒரு நோட்டில் எழுதுங்கள். என் மாணவர்களில் இதைத் தொடர்ந்து செய்தவர்களுக்கு ஓரிரு மாதங்களில் கண் பழகிவிட்டது.

இன்றைக்கு ஒரு சொல்லோடு தொடங்குங்கள்: ஸ்டில். 'ஹி இஸ் ஸ்டில் ஹியர்', 'கீப் ஸ்டில்', 'எ ஸ்டில் ஃப்ரம் த ஃபிலிம்'. மூன்றிலும் அது என்ன வேலை செய்கிறது? 'இன்னும்' என்று முதலில், வினையடை. 'அசையாமல் இரு' என்பதில் பெயரடை, அழகாக இருக்கிறாள் என்ற வாக்கியத்தில் பார்த்த அதே பொறி இங்கேயும் இருக்கிறது. மூன்றாவது, படப்பிடிப்பில் எடுத்த அசையாத ஒற்றைப் படம், பெயர். சினிமாப் பக்கங்களில் 'ஸ்டில்ஸ்' என்று நாம் பன்மை போட்டே படித்துக்கொண்டிருக்கும் சொல்தான் அது.